இருபது தம்ளர், பன்னிரண்டு பெயர்

தோ பாயோ சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது எனக்குச் செய்தி வந்தது. சொன்னவர் ஸ்டெல்லா. உங்கள் கோயில் பாடற்குழுவில் பிலோமினாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர். "சார், உங்களுக்கு யாரும் போன் பண்ணலையா? பிலோ அக்கா நேத்துக் காலையில தவறிட்டாங்க. பூசைக்குக் கிளம்பி, செருப்பு மாட்ட ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காங்க. அப்படியே சுவத்துல சாஞ்சிட்டாங்க" என்றார். கீரைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டியபடி நின்றார். அதை வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிலோமினாவுக்கு அறுபது வயதுகூட ஆகவில்லை.

அன்று மாலை கிளமெண்டிக்குப் போனேன். அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கோயிலைச் சேர்ந்த நீங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இன்னொரு பக்கம் அவருடன் வேலை பார்த்தவர்கள் வேர்க்கடலை உரித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம், "பிலோ ரொம்ப ஸ்லோ லா. ஒரு வீட்டுக்குப் போனா மூணு வீட்டு நேரம் எடுப்பாங்க. ஆனா அவங்க ஃபைல்ல ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது" என்றார். நான் தலையாட்டினேன். ஒரு தப்பு இருந்தது என்று அந்த இடத்தில் சொல்ல மனம் வரவில்லை.

கோயில் மலருக்கு நான்கு வரி எழுதித் தாருங்கள் என்று ஸ்டெல்லா கேட்டார். நான் உங்கள் கோயிலைச் சேர்ந்தவன் அல்லன். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அவருடைய குரலைப் பற்றியும் இரக்கத்தைப் பற்றியும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருடைய வேலையைப் பற்றி, அதிலும் அவரைக் கடைசிவரை விடாத ஒரு வீட்டைப் பற்றி, எனக்குத்தான் தெரியும். ஆகவே நான்கு வரிக்கு மேல் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிலோமினாவின் வேலை என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பழைய தெருவைப் புதுப்பிப்பது, பொருள்கள் நிறைந்த மேசையைத் துடைப்பது போன்றது. புதிய மேசை எப்படி இருக்க வேண்டும் என்று வரைவதற்கு ஒருவர் இருப்பார். துடைப்பதற்கு ஒருவர். மேலே புதிதாக அடுக்குவதற்கு ஒருவர். துடைக்கும்போது மேசைமேல் இருந்தது எதுவும் கீழே விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள்தான் பிலோமினா. இடிக்கப்போகும் வீடுகளுக்கு முன்கூட்டியே போய், யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதி, ஒவ்வொருவருக்கும் மாற்று வீடு கிடைக்கும்வரை கூட வருவது அவர் பொறுப்பு. எழுபதுகளில் எங்கள் பக்கம் தெருத் தெருவாக அந்த வேலை நடந்தது.

என் பள்ளிக்குப் பின்னால் ஒரு சந்தில் கபூர் பாயின் மளிகைக் கடை இருந்தது. கீழே கடை, மேலே குடியிருப்பு. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து அவருடைய தகப்பனார் காலத்திலேயே இங்கு வந்து நிலைத்த குடும்பம். கட்டடம் அவருக்குச் சொந்தமில்லை. முழுவதையும் வாடகைக்கு எடுத்து, மாடியைப் பலகைத் தடுப்புகளால் அறைகளாக்கி, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கு உழைக்கும் ஆண்களுக்கு விட்டிருந்தார். துறைமுகம், சாலை வேலை, கிடங்குக் காவல் என்று மொத்தம் இருபது பேர். பகலில் ஒருவர் தூங்கிய கட்டிலில் இரவில் இன்னொருவர் தூங்குவார். மாடிப்படிக்கு அடியில் காய்ந்த மிளகாய் மூட்டைகள் கிடக்கும். மேலே ஏறுகிறவர் யாரானாலும் தும்முவார்கள். "எங்க வீட்டுக்குக் காலிங் பெல் எதுக்கு சார்? தும்மலை வச்சே ஆளைச் சொல்லிடுவோம்" என்பார் வேலாயுதம். அவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி. நாற்பது வயதுக்காரர். அந்த வீட்டின் சிரிப்பு பெரும்பாலும் அவரிடமிருந்துதான் தொடங்கும்.

ஒருநாள் கபூர் பாய் ஒரு கடிதத்துடன் பள்ளிக்கு வந்தார். ஆங்கிலக் கடிதம் எது வந்தாலும் அந்தச் சந்தில் என்னிடம்தான் வரும். குறிப்பிட்ட நாளில் அலுவலர்கள் வருவார்கள், கட்டடத்தில் உள்ள எல்லாரும் பதிவு செய்யப்படுவார்கள், அனைவரும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன்.

"எதுக்கு வாத்தியாரே பதிவு?" என்று கேட்டார்.

எதற்கு என்று கடிதத்தில் இல்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகள் கரும்பலகைக்கு முன்னால் நின்றவனுக்கு அந்தச் சொல் எளிதில் வாயில் வராது. ஓர் உதாரணம்தான் வந்தது. "முன்னே இன்ஸ்பெக்டர் வந்து அறைக்கு எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு போகவில்லையா? அதுபோலத்தான் இருக்கும்" என்றேன்.

அந்த இன்ஸ்பெக்டரை அவர் மறந்திருக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக் கால்களை எண்ணியவர். ஆள் அதிகம் என்று கபூர் பாயை மூன்று முறை நீதிமன்றத்துக்கு நடக்கவைத்தவர். பாய் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று மாலை மாடியில் நான் சொன்னதைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் வேலாயுதம் என்னைச் சந்தில் பார்த்துச் சொன்னார்: "நம்மால பாய்க்குத் தொல்லை வரக் கூடாது சார். நாங்க எட்டுப் பேரு அன்னிக்கு ஃபேரர் பார்க் திடலுக்குப் போயிடறோம்."

"ஆட்டம் இருக்கா?"

"இல்லன்னா என்ன, எட்டுப் பேரு இருக்கோம், நாங்களே ஆடிக்கிறோம். வேலாயுதம் கோல்கீப்பர். ஜாகா வேலை, காவல் காக்கறது, அங்கயும் விடாது."

நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

குறித்த நாளில் பிலோமினா வந்தார். ஆங்கிலம் பேசத் துணை வேண்டும் என்று கபூர் பாய் என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஆனால் வந்தவர் தமிழர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் அட்டையில் செருகிய படிவங்கள், தோளில் குடை. மாடிப்படியில் மூன்று முறை தும்மினார். "ஆண்டவரே! பாய், இது வீடா வத்தல் குழம்பா?" என்று சிரித்தார். கூட ஒரு சீன அலுவலர் அறைகளை அளப்பதற்காக வந்திருந்தார். அவர் உள்ளே போய் நாடாவைப் பிடிக்க, பிலோமினா கூடத்தில் நின்று பேசினார்.

"பயப்படாதீங்க பாய். ஆளை விரட்ட எழுதலை. மாத்து வீடு கொடுக்கத்தான் எழுதறோம். யாரையும் விட்டுடாதீங்க."

"பன்னெண்டு பேர்தாம்மா. எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க. எண்ணிக்குங்க" என்றார் பாய்.

சிரித்துக்கொண்டே கேட்கும் அதிகாரிகளைப் பாய் முன்பும் பார்த்திருக்கிறார். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

தண்ணீர்ப் பீப்பாய்க்கு மேல் சுவரில் வரிசையாக இருபது ஆணி அடித்து, ஆணிக்கு ஒன்றாக எவர்சில்வர் தம்ளர்களைக் கவிழ்த்து மாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருந்தது. நம்மவர்கள் நான்கு பேர் சேர்ந்து இருந்தாலே பாத்திரத்தில் பெயர் வெட்டிவிடுவோம். மறைய வேண்டிய எட்டுப் பேர் தங்கள் படுக்கையைச் சுருட்டி மறைத்திருந்தார்கள். சட்டையை, செருப்பை, பெட்டியை மிளகாய் மூட்டைக்குப் பின்னால் மறைத்திருந்தார்கள். தம்ளரை யாரும் நினைக்கவில்லை. பிலோமினா அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். ஒன்றில் பென்சில் நின்றது.

"வேலாயுதம் யாரு?"

பாய்தான் சொன்னார்: "அவரு ஊருக்குப் போயிட்டாரும்மா. தம்ளரை விட்டுட்டுப் போயிட்டாரு."

"ஈரமா இருக்கே பாய்."

பாய் தரையைப் பார்த்தார். பிலோமினா என்னைப் பார்த்தார். நான் பீப்பாய்த் தண்ணீரைப் பார்த்தேன். அளந்துகொண்டிருந்தவர் உள்ளேயிருந்து எத்தனை பேர் என்று கேட்டார். பிலோமினா சுவரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, பன்னிரண்டு என்றார். பன்னிரண்டு பெயர்களையும் எழுதினார். இவ்வளவுதான் என்று கபூர் பாய் கீழே கையெழுத்துப் போட்டார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைப் பின்னாளில் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். இருபது என்று சொன்னால், இத்தனை சிறிய அறைகளில் இருபது பேரா என்ற கேள்வி அந்தக் கூடத்திலேயே எழுந்திருக்கும். பாய்க்கு வழக்கு வரும், கடைக்குக் கிடைக்க வேண்டிய மாற்று இடம் போய்விடும் என்று அவர் அஞ்சினார். மற்ற எட்டுப் பேரைப் பிறகு எப்படியாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். "பாய்க்கு நல்லது பண்றதா நெனச்சு எட்டுப் பேரை அழிச்சிட்டேன் சார். ரப்பர்கூட வேண்டியிருக்கலை. எழுதாம விட்டாலே போதும்" என்பார்.

சில மாதங்களில் கடிதங்கள் வந்தன. பன்னிரண்டு பேருக்கும் தோ பாயோவில் வாடகை வீடு. தனி ஆளுக்கு வீடு கிடையாது. இரண்டு பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஓர் அறை வீடு கிடைக்கும் என்பது ஏற்பாடு. பிலோமினா ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாடிக் கூடத்தில் உட்கார்ந்து அவர்களை இரண்டிரண்டாகச் சேர்த்தார். மாடியில் அப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை.

"மிஸ், இவன் குறட்டை விடுவான். எனக்கு வேற மாப்பிள்ளை பாருங்க."

"ஜாதகம் பொருந்தலைன்னு ஃபார்ம்ல எழுதிடவா?" என்றார் பிலோமினா.

"வரதட்சணையா இவன் டிரான்சிஸ்டரைக் கேளுங்க மிஸ்!"

எட்டுப் பேரும் படியோரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு ஜோடியும் சேர்ந்து முடிந்ததும் வேலாயுதம் அதே சிரிப்போடு கேட்டார்: "எங்களுக்கு எப்ப மிஸ் முகூர்த்தம்?"

பிலோமினா பேனாவை மூடினார். அந்தப் பட்டியல் எதற்காக எழுதப்பட்டது என்பது அந்த எட்டுப் பேருக்கும் அப்போதுதான் புரிந்தது. எனக்கும்தான். திடலுக்குப் போனவர்களுக்கு வீடு இல்லை.

மறுவாரத்திலிருந்து அவர் தம் அலுவலகத்தில் முறையிட ஆரம்பித்தார். பதிவு நாளோடு பட்டியல் மூடப்பட்டது என்றார்கள். அன்று அங்கே குடியிருந்ததற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். யாரிடம் இருந்தது? வேலாயுதத்தின் அடையாள அட்டையில் என்றோ இடித்த தொழிலாளர் குடியிருப்பு லைனின் முகவரி இருந்தது. அவர் மனைவியின் கடிதங்கள் கடையின் பெயருக்கு வரும். மற்ற ஏழு பேருக்கும் இதே கதைதான். ஒரே ஒரு வழி மிஞ்சியது. இருபது பேர் குடியிருந்தார்கள் என்று கபூர் பாய் எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால், முதலில் போட்ட கையெழுத்து பொய் என்று அவரே ஒப்புக்கொண்டதாகும்.

பிலோமினா அதைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கடையில் பாதிச் சரக்கு ஏற்கெனவே மூட்டை கட்டப்பட்டிருந்தது. பாய் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் படித்துச் சொன்னேன்.

வேலாயுதம் குறுக்கே வந்தார். "பாய், போடாதீங்க. கடை போயிடும். நாங்க எங்கயாவது ஒண்டிக்குவோம். ஒத்தை ஆளுங்கதானே."

"நீங்க எல்லாரும் திடலுக்குப் போனது எனக்காகத்தானேடா?"

"அதுக்கு? நாங்க போனது வீணாப் போகணுமா?"

பாய் அவரைக் கையால் ஒதுக்கினார். "என் கடை அரிசியைத் தின்னுட்டு என்கிட்டயே சட்டம் பேசறியா? நகருடா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது பிலோமினாவைப் பார்த்து, "தங்கச்சி, இது பலிக்குமா?" என்று கேட்டார். பலிக்கும் பாய் என்றார் பிலோமினா. தம் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அது என்று பின்னால் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அது பொய் என்று அவருக்குத் தெரியாது.

பதில் வர இரண்டு மாதமாயிற்று. ஒரே ஆள் ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்லியிருப்பதால் பின்னதை ஏற்க முடியாது. அதோடு, அந்த ஆளின் கடை விண்ணப்பம் விசாரணைக்காக நிறுத்திவைக்கப்படுகிறது. நான்கு வரிக் கடிதம். எட்டுப் பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பாய்க்குக் கிடைக்க இருந்ததும் நின்றுபோயிற்று. யார்மேல் பழி சொல்வது? கடிதம் எழுதியவர் தம் முன்னால் இருந்த இரண்டு தாள்களைப் படித்தார். தாளில் இருந்தது அவ்வளவுதான். அதைச் சொல்லிப் பிலோமினா அலுவலகத்தைக் குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

விசாரணை முடிவதற்குள் பாய்க்கு ஒதுக்க நினைத்த கடை வேறொருவருக்குப் போய்விட்டது. பின்னால் கொடுத்த இடத்தில் ஆள் நடமாட்டமில்லை. பாய் ஒரு வருடம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். புக்கிட் பாஞ்சாங்கில் மகன் வீட்டில் இருந்தபோது நானும் பிலோமினாவும் போய்ப் பார்த்தோம். தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, மருமகளைக் கூப்பிட்டுத் தேநீர் போடச் சொன்னார். குறை ஒன்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "நீ கெடுதல் நெனைக்கலைன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. ஆனா ஒண்ணு சொல்றேன், கெடுதல் நெனைக்கிறவனைக் கண்டா ஒதுங்கிக்கலாம். நல்லது நெனைக்கிறவங்களை எப்படிம்மா ஒதுங்கறது?" என்றார். அடுத்த ஆண்டு பாய் இறந்துபோனார்.

வீடு இடிக்கப்பட்ட பிறகு அந்த எட்டுப் பேரும் எட்டுத் திக்கில் போனார்கள். பிலோமினா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அவர்களைத் தேடிப் போவார். உங்களில் சிலர், மதியச் சாப்பாட்டுக்கு வராமல் எங்கே ஓடுகிறார் என்று கேட்டிருப்பீர்கள். அங்கேதான். ஒருவர் கார் பட்டறையின் பின்புறம் டயர்களுக்கு நடுவில் படுத்திருந்தார். ஒருவர் உறவினர் வீட்டுச் சமையலறையில். இரண்டு பேர் கட்டுமான இடத்தில், ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலைக்குக் கொட்டகையோடு நகர்ந்துகொண்டு. ஒருவர் ஊருக்கே திரும்பிவிட்டார். இன்னும் இரண்டு பேரைப் பற்றித் துப்பே கிடைக்கவில்லை. போகும் இடத்தில் எல்லாம் ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். பொதுவரிசையில் போய் நிற்கும் படிவம் அது. அதில் யாருக்கும் வீடு கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

வேலாயுதத்தைக் கடைசியாக என் வகுப்பறையில்தான் பார்த்தோம். பள்ளியும் அப்போது மூடப்படும் தறுவாயில் இருந்தது. தெருக்கள் காலியானால் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? ஏழெட்டு மேசைகள்தான் மிச்சம். வேலாயுதம் கிடங்கில் சாக்கு அடுக்கிய மூலையில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கிடங்கையும் அடுத்த மாதம் எடுக்கப்போகிறார்கள் என்றார். புதிய இடத்தில் காவல் வேலைக்குச் சேர வேண்டுமானால், அடையாள அட்டையில் சரியான முகவரி இருக்க வேண்டும் என்று கேட்டார்களாம்.

பிலோமினா யோசிக்கவே இல்லை. "என் வீட்டு அட்ரஸைப் போடுங்க. கிளமெண்டி. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார்.

"வேணாம் மிஸ்."

"ஏன்?"

"நீங்க கவர்மெண்ட் வேலையில இருக்கறவங்க. இல்லாத ஆளை இருக்கறதா எழுதினீங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்பான். என்னால உங்களுக்கு ஒண்ணும் வரக் கூடாது."

"வேலாயுதம், நான் கேட்டுக்கறேன். எனக்காகப் போடுங்க."

"அந்தக் காலத்துல இருக்கற ஆளை இல்லைன்னு எழுதினீங்க. இப்ப இல்லாத ஆளை இருக்கறதா எழுதறீங்களா? போங்க மிஸ்" என்று சிரித்தார். உண்மையாகவே நகைச்சுவையாகத்தான் சொன்னார். அவருக்குப் பிலோமினாமேல் கோபமே கிடையாது. என்னைப் பார்த்து, "சார், மிஸ்ஸுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுங்க, முகமே சரியில்ல" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். அதன் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. கிடங்கு இருந்த இடத்தில் விசாரித்தோம். அவர் பெயர்கூட அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அன்று பிலோமினா பிள்ளைகளின் சின்ன மேசையில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த மரியாதைதான் சார் நம்மளைக் கொல்லுது. பாய்க்குத் தொல்லை வேண்டாம்னு இவங்க ஒளிஞ்சாங்க. பாய்க்குக் கேஸ் வேண்டாம்னு நான் மறைச்சேன். இவங்களுக்காகப் பாய் கையெழுத்துப் போட்டாரு. இப்ப எனக்காக இவரு போறாரு. ஒருத்தராவது, எனக்கு வேணும்னு கேட்டிருந்தா இத்தனை பேர் அழிஞ்சிருக்க மாட்டோம்."

அதற்குப் பிறகு அவர் வேலை செய்யும் விதமே மாறிவிட்டது. ஒரு வீட்டுக்குக் காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை, விடுமுறை நாளில் ஒரு முறை என்று போவார். படிவத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு முதலில் எதற்காக எழுதுகிறோம் என்று சொல்வார். அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டார். இது உங்களிடமிருந்து கற்றது சார் என்பார். இங்கே யார் இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டார். இப்போது இங்கே இல்லாதவர்கள் யார் என்றுதான் கேட்பார். அப்படிச் சில தெருக்களில் சில பேர் விடுபடாமல் பட்டியலில் ஏறினார்கள். ஆனால் இடிப்பதற்குத் தேதி குறித்த பிறகு பொறுமைக்கு இடம் ஏது? அவருடைய தெருக்கள் மட்டும் பின்தங்கின. மேலதிகாரி இரண்டு முறை எச்சரித்தார். பிறகு ஃபைல் அடுக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை அவர் வேலையாக ஒரு வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. வேர்க்கடலை உரித்தவர் சொன்ன தப்பில்லாத ஃபைல்கள் அந்தக் காலத்தவை.

சில மாதங்களுக்கு முன் நாங்கள் இருவரும் அந்தச் சந்துப் பக்கம் நடந்தோம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைவீடுகளை இனி இடிப்பதில்லை, பழைய அழகோடு காப்பாற்றப்போகிறோம் என்று முடிவாகியிருந்தது. ஒரு வீட்டுக்குப் பச்சையும் மஞ்சளுமாகப் புதுச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். சன்னல் கதவுகள் அழகாக இருந்தன. மாடியில் யாரும் இல்லை. "நல்லா இருக்கில்ல சார்?" என்றார் பிலோமினா. நல்லா இருக்கு என்றேன். "தப்பு நடந்துச்சுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. சுவருக்கு மட்டும் மன்னிப்புக் கேக்கறாங்க" என்றார். கபூர் பாயின் வீடு இருந்த இடம் கார் நிறுத்துமிடமாகியிருந்தது. அது கட்டடம் கட்டுவதற்காக எடுத்த இடம். பத்து ஆண்டாகியும் கட்டடம் வரவில்லை. கோடு போட்டுக் கார்களை நிறுத்தியிருந்தார்கள்.

அங்கே நின்றுதான் நான் அவரிடம் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை. அந்தக் கடிதத்தைப் படித்துச் சொன்னவன் நான், இன்ஸ்பெக்டர் எண்ணியதுபோல என்று உதாரணம் காட்டியவன் நான், அதைக் கேட்டுத்தான் எட்டுப் பேர் திடலுக்குப் போனார்கள், அவர்கள் போனது எனக்கு முன்பே தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பள்ளிப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பாய் எப்பவோ சொல்லிட்டாரு சார்" என்றார்.

"அப்போ ஏன் என்னிடம் கேட்கலை?"

"கேட்டு என்ன? நீங்க சொன்னது உதாரணம். நான் எழுதினது பட்டியல். உதாரணத்தை யாரும் ஃபைல் பண்றதில்லை. விடுங்க, வெயில் ஏறுது."

வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன். பாயைக் காப்பாற்றுவதற்காக எட்டுப் பேர் செய்ததையும், பிலோமினாவைக் காப்பாற்றுவதற்காக வேலாயுதம் செய்ததையும் அவர் அன்று, பழியைத் தாமே ஏற்றுக்கொண்டு, எனக்குச் செய்திருக்கிறார் என்பது கிளமெண்டியில் அவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது. அதற்குள் பதில் சொல்ல நேரம் கடந்துவிட்டிருந்தது.

அவரை அறிந்தவர்களே, பிலோமினா எட்டுப் பேரின் பெயரை எழுதாமல் விட்டார் என்பது உண்மை. ஆனால் அந்தத் தவறைச் செய்தவர்கள் யார் என்று அவர் மனத்தில் வைத்திருந்த பட்டியலிலும் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. தம் பெயரை மட்டும் எழுதி மூடிவிட்டுப் போய்விட்டார். அதுவும் சரியாக எடுக்கப்பட்ட கணக்கு அல்ல. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பட்டியல் ஒன்றைத்தான். அதில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரை இங்கே எழுதுகிறேன். அவர் இருந்திருந்தால் பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டு நீக்கியிருப்பார். இப்போது நீக்குவதற்கு யாரும் இல்லை.